சாய்ந்த இருக்கையும் சாயாத முதுகும்

நான் பார்த்த சண்டைகளிலேயே மிக மூர்க்கமானவை ஒரு சாண் இடத்துக்காக நடந்தவை. அண்ணன் தம்பிக்குள் வரும் நிலத் தகராறில்கூட, நாளைக்கு அதில் வீடு கட்டலாம் என்ற நியாயமாவது இருக்கும். விமானத்தில் இருக்கையைச் சாய்ப்பதற்காக நடக்கும் சண்டையில் அதுவும் கிடையாது. இறங்கியதும் இருவருமே அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் போகப் போகிறார்கள். இருந்தாலும் படித்தவர், பதவியில் இருப்பவர், பேரப்பிள்ளை எடுத்தவர் என்று எல்லாரும் அந்த ஒரு சாணுக்காக மல்லுக்கட்டுவதை நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பார்த்தேன். புதிதாகச் சீருடை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

கதவைத் திறப்பது, புகையில் தவழ்ந்து போவது, மயங்கியவரைத் தெளிவிப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் நன்றாகவே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. இருக்கை சாய்ப்பதற்கும் ஒரு விதி சொல்வார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் நிமிர்த்தி வைக்க வேண்டும், மற்ற நேரத்தில் சாய்த்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்ய வசதியான விதி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னிருக்கைக்காரருக்கும் பின்னிருக்கைக்காரருக்கும் நடுவில் போய் நின்று பாருங்கள், அப்புறம் தெரியும்.

ஒருமுறை பினாங்குப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஏதோ தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த நெட்டை மனிதர் ஒருவர், முன்னிருக்கை சாயாமல் இருக்கத் தன் குடையை மடக்கி இடுக்கில் செருகிவிட்டார். முன்னால் இருந்தவர் பாவம், பொத்தானை அழுத்தி அழுத்தி ஓய்ந்து போனார். இருக்கை பழுது என்று அவர் கத்த, ஆமாம் பழுது என்று நாங்களும் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, கூடுதலாக ஒரு பழச்சாறும் கொடுத்தோம். தரையிறங்கி எல்லாரும் போன பிறகுதான் குடையைக் கண்டோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொறியாளரே திரும்பி வந்து, "சாரி, என்னோட குடை" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இருக்கை பழுது என்று யாராவது சொன்னால், முதலில் பின்னால் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.

எனக்கு முதலில் மேலாளராக இருந்தவர் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. அவர் கற்றுக் கொடுத்தது இரண்டே தந்திரங்கள். சண்டை நடக்கும் இடத்துக்குப் போனால் முதலில் குந்தி உட்கார் என்பார். உட்கார்ந்திருப்பவர் நம்மைக் குனிந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தால் குரல் தானாக இறங்கிவிடுமாம். அடுத்தது, இருவரையும் பிரித்து உட்கார வை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நானும் பல வருடம் ஒப்பேற்றினேன். இரண்டும் சேர்ந்து காலை வாரிய ஒரு நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அப்போது நான் தலைமைப் பணிப்பெண், ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. தைப்பூசத்துக்கு மறுநாள், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பிற்பகல் விமானம். அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று பினாங்கில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் லீவு போட்டு வந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து, மறுநாளே வேலைக்கு ஓடுவார்கள். மொட்டைத் தலையும் சந்தனமுமாக வரிசையாக ஏறுவார்கள். விமானம் முழுக்கத் திருநீறும் சந்தனமும் மணக்கும். எனக்குப் பிடித்த பயணம் அது. நெற்றியில் இவ்வளவு திருநீறோடு யார் சண்டை போடப் போகிறார்கள் என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

முன்பக்கத்திலிருந்து சில வரிசைகள் தள்ளி, நடைபாதையை ஒட்டிய இருக்கையில் பரமேஸ்வரி அம்மா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் வேரூன்றிய குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் ஏறும்போதே சொல்லிவிட்டார். இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். சக்கர நாற்காலி கேட்டிருந்தார். புதுப் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு, இஸ்திரி கலையக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார்.

அவருக்கு நேர் பின்னால் தினேஷ். பினாங்குக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் வீடு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மொட்டைத் தலை, வெள்ளை டீ-சட்டை. வணக்கம் சொன்னேன், வெறுமனே தலையசைத்தான். மற்றவர்களெல்லாம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூட, அவன் மட்டும் முதுகை இருக்கையில் படவிடாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காவடி எடுத்தாலும் திமிர் போகவில்லை பார் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனேன்.

மேலே ஏறியதும் பரமேஸ்வரி அம்மா இருக்கையைச் சாய்த்தார். தினேஷ் முன்னிருக்கையின் பின்புறத்தில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தான் போலிருக்கிறது, நெற்றியில் இடித்தது. நிமிர்த்தச் சொன்னான். அம்மா கொஞ்சம் நிமிர்த்தினார். பிறகு இடுப்பு கேட்கவில்லை, மறுபடி சாய்த்தார். மறுபடி சொன்னான். இந்த முறை அவர் திரும்பியே பார்க்கவில்லை. அவன் முன்பலகையை விரித்து, அதில் கையை மடக்கி வைத்துத் தலையைக் கவிழ்த்தான். அம்மா பொத்தானை அழுத்தி முழுவதுமாகச் சாய, இருக்கை அவன் தலையை அமுக்கியது. அப்போதுதான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்து ஓங்கித் தள்ளினான்.

அம்மாவின் கையில் காப்பி இருந்தது. நல்ல வேளை, ஆறிய காப்பி. மார்பிலிருந்து மடி வரைக்கும் கொட்டியது. முன்னுக்குத் தள்ளப்பட்ட வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. நூருல் என்ற இளம் பணிப்பெண் ஓடினாள், பின்னாலேயே நான் போனேன். அதற்குள் பக்கத்து வரிசையில் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார். நான் போய் அந்தக் கைப்பேசிக்கு முதுகைக் காட்டி நின்றேன். இது இந்தக் காலத்துக்கு நானாகக் கற்றுக்கொண்ட தந்திரம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

குந்தி உட்கார்ந்தேன். அம்மாவின் குரல் இறங்கவே இல்லை.

"பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். சட்டப்படி நான் சாய்க்கலாமோ, சாய்க்கக் கூடாதோ?"

சாய்க்கலாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"பிறகென்ன? இந்த வயசிலை, ஒப்பரேசன் செஞ்ச உடம்பை இவர் பிடிச்சுத் தள்ளுறார். இறங்கேக்கை பொலிஸ் வரவேணும். நான் சும்மா விடமாட்டன்."

அவர் மீது எனக்குக் கோபமில்லை. விதிப்படியும் நியாயப்படியும் அவர் பக்கம்தான் சரி. நான் தினேஷிடம் திரும்பினேன். ஏன் தள்ளினாய் என்று கேட்டாலும், சீட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சரி, இரண்டாவது தந்திரம். விமானம் நிறைந்திருந்தாலும் முன்வரிசையில் ஒரு நல்ல மனிதர் இடம் மாறச் சம்மதித்தார். அதைப் போய்ச் சொன்னேன்.

"எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், மேடம்," என்றான்.

முகத்தைப் பார்க்காமலே சொன்னான். எனக்குச் சுருக்கென்று ஏறியது. நாமும் நம் பிள்ளையாயிற்றே என்று இறங்கி வருகிறோம், இவன் இப்படிப் பேசுகிறானே என்று மனதுக்குள் அவனை முடித்துக் கட்டிவிட்டேன்.

விமானி உள்தொலைபேசியில் அழைத்தார். பயணி ஒருவர் இன்னொருவர் மேல் கைவைத்தால் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவித்திருந்தேன். தரைக்கு ஒரு தகவல் முன்கூட்டியே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். போலீஸ் வந்து அவனை அழைத்துப் போக வேண்டுமா வேண்டாமா என்று கீழிறங்கத் தொடங்குவதற்குள் நான் உறுதி செய்ய வேண்டும். உன் முடிவுதான் என்று சொல்லி வைத்துவிட்டார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஒன்றும் லண்டன் இல்லை. யோசிப்பதற்கு மிச்சமிருந்தது கொஞ்ச நேரம்தான்.

நான் பின்கட்டில், உணவு வண்டிகள் நிற்கும் இடத்தில், விமானியை அழைத்து வேண்டும் என்று சொல்லத்தான் தொலைபேசியை எடுத்தேன். அப்போது நூருல் மலாயில் மெதுவாகக் கேட்டாள், அந்த ஆளுக்கு முதுகு வலிக்கிறதோ அக்கா என்று. ஏறும்போது யாரோ ஒருவருடைய பை அவன் முதுகில் உரசியதாம், உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினானாம். அவள் பட்டர்வொர்த் பெண். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் அப்பாவோடு வந்து காவடி பார்த்தவள். நேற்று முதுகில் கொக்கி மாட்டியிருந்தால் இன்று எப்படிச் சாய முடியும் என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டேன். மொட்டைத் தலையைப் பார்த்தேன், சந்தனத்தைப் பார்த்தேன், விறைத்த முதுகையும் பார்த்தேன். ஆனால் வலி என்று மட்டும் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? தைப்பூசத்தன்று அலகு குத்தி ஆடிப் போகிறவர்களைப் பார்த்து, வலிக்காதா என்று குழந்தைப் பருவத்தில் கேட்டு வாயில் அடி வாங்கியவள் நான். விரதம் சுத்தமாக இருந்தால் வலிக்காது, இரத்தமும் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் காவடி எடுத்தவனிடம் வலிக்கிறதா என்று தமிழர் யாரும் கேட்க மாட்டோம். கேட்பது அவன் விரதத்தைச் சந்தேகப்படுவது மாதிரி. மலாய்ப் பெண்ணுக்கு அந்தத் தடை எதுவும் இல்லை, கண்ணால் பார்த்ததைக் கேட்டுவிட்டாள். நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்களிடம்தான் நாம் அதிகம் தவறு செய்வோம். இதை மட்டுமாவது இந்தக் கிழவியிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தினேஷைப் பின்கட்டுக்கு வரச் சொன்னேன். வந்து நின்றான். நின்றதுமே அவன் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். உட்காருவதைவிட நிற்பதே அவனுக்குச் சுகமாக இருந்தது. நூருலைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"முதுகு வலிக்குதாப்பா?"

"இல்லக்கா."

"கொக்கி போட்டியா நேத்து?"

"போட்டேன். வலி இல்ல."

மேடம் போய் அக்கா வந்ததிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. தம்பி, கீழே போலீஸ் வரும், அந்த அம்மா விடமாட்டேன் என்கிறார் என்றேன். அவன் முகத்தில் இரத்தம் வற்றிப் போனது. போலீஸ் விசாரணை என்று ஒன்று வந்தால் சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதிக்கும் பாஸ் நிலைக்காது என்றான். இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள், அப்பாவால் வேலைக்குப் போக முடியாது, வீட்டில் சம்பாதிப்பது அவன் ஒருவன்தான். அப்படியென்றால் அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல், அவரும் நம்மவர், முதுகு புண்ணாக இருக்கிறது என்றால் கரைந்துவிடுவார் என்றேன். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆறுதலாக இருந்தது.

அவன் தலையை ஆட்டினான்.

"அப்பாவுக்காக எடுத்த காவடிக்கா. ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷமா படுக்கையில கெடந்தாரு. இப்பதான் கம்பு ஊனி நாலடி நடக்குறாரு. இன்னும் இடும்பன் பூசை போடல, வெரதம் முடியல. என் வாயால வலின்னு வந்துச்சுன்னா அப்புறம் என்னா லா நேத்திக்கடன்?"

காவடி எடுத்து இரண்டொரு நாளில் இடும்பனுக்குப் படையல் போட்டால்தான் விரதம் முடிந்ததாகக் கணக்கு. அதைச் சிங்கப்பூரில் நண்பன் வீட்டில் போடப் போகிறானாம். அதுவரைக்கும் வாய் திறக்க மாட்டான். வேலை போனாலும் பரவாயில்லையா என்றேன். அவன் கண் கலங்கியது. ஆனாலும் அப்பாவின் கால் பெரிதா, வேலை பெரிதா என்று கேட்டால் அவனுக்குப் பதில் ஒன்றுதான்.

"நீங்களும் சொல்லிடாதீங்கக்கா," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்தை இப்படி முடிச்சுப் போடுகிறானே, முருகன் என்ன கணக்குப்பிள்ளையா, நீ வாய்தவறி ஒரு வலி சொன்னால் அப்பாவின் காலைப் பிடுங்கிக்கொள்ள என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. ஒருவன் தன் அப்பாவை எதைக் கொண்டு நடக்க வைத்ததாக நம்புகிறானோ, அதில் கை வைக்க எனக்கு என்ன உரிமை? சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயம் எனக்குத் தெரியும், அதைத்தான் நான் சொல்லக் கூடாது.

முதலில் அவனை மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதற்கு மறுப்பில்லை. போய் நின்று, "மன்னிச்சிருங்கம்மா, தள்ளியிருக்கக் கூடாது," என்றான். பரமேஸ்வரி அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்காதது போல இருந்தார். அவனைத் திரும்பப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மறுபடி குந்தினேன். அம்மா, அவன் செய்தது தப்பு, ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை என்னால் சொல்ல முடியாது, என் பேச்சை நம்பி இதோடு விட்டுவிடுங்கள், போலீஸ் வந்தால் பையனுக்கு வேலை போய்விடும் என்றேன்.

"காரணம் தெரியாமல் மன்னிக்க நான் என்ன கடவுளோ?" என்றார்.

நியாயமான கேள்வி. எழுந்தேன். இருக்கை வார் மாட்டச் சொல்லும் விளக்கு எரியப் போகும் நேரம். விமானியை அழைத்தேன். போலீஸ் வேண்டாம் என்றேன். பயணி புகாரை விட்டுவிட்டாரா என்று கேட்டார். இல்லை, இது என் முடிவு என்றேன். நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் தகவல் முதலிலேயே போய்விட்டது, வந்தாலும் வருவார்கள், அப்படி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீ என்றார். ஓய்வு பெறுகிற நேரத்தில் உனக்கு இது தேவையா என்று அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன்.

இளையவர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, நீங்கள் விதியை மீறினீர்கள் என்பார்கள். மீறவில்லை. விதி என்பது ஆபத்தைத் தடுக்க. அவனால் இனி யாருக்கும் ஆபத்தில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் போலீஸ் வரட்டும் என்று சொல்லியிருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் அந்தச் சபலம் அடிக்கடி வரும். நம் தலையைக் காப்பாற்றிக்கொள்ள விதியைக் கையில் பிடிக்கிறோமா, பயணியைக் காப்பாற்றப் பிடிக்கிறோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கு எரியும்வரை தினேஷ் பின்கட்டிலேயே நின்றான். பிறகு போய் உட்கார்ந்தான். இறங்கும் நேரம், எல்லா இருக்கையும் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும், அதனால் சண்டைக்கு வழியில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் நான் முதலில் வேண்டிக்கொண்டது, வாசலில் யாரும் நிற்கக் கூடாது என்றுதான்.

கதவு திறந்தது. இரண்டு போலீஸ் அதிகாரிகள் நின்றார்கள்.

பண்பானவர்கள்தான். பயணிகள் இறங்க வழிவிட்டு ஓரமாக நின்று, எந்தப் பயணி என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்கள். பணியாளர்கள் சார்பில் புகார் இல்லை, தகவலைத் திரும்பப் பெற்றுவிட்டோம் என்றேன். பாதிக்கப்பட்ட பயணி என்ன சொல்கிறார் என்று கேட்டார் ஒருவர். அவரையே கேளுங்கள், சக்கர நாற்காலிக்காகக் காத்திருக்கிறார் என்றேன்.

நடைபாதையில் கூட்டம் நின்று நின்று நகர்ந்தது. தினேஷ் எழுந்து ஓரடி முன்னால் வந்தபோது வரிசை நின்றுவிட்டது. அவன் நின்றது பரமேஸ்வரி அம்மாவுக்குச் சற்று முன்னால். உட்கார்ந்திருந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே அவன் முதுகு. டீ-சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகள். கொக்கி குத்திய இடங்களில் திருநீறு கலந்து காய்ந்த பொட்டுகள். அம்மா அதைப் பார்த்தார். வரிசை நகரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

தினேஷ் வாசலுக்கு வந்து போலீஸைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று கண்ணால் சொன்னேன். அவன் தயங்கியதைக் கவனித்த அதிகாரி அவனைச் சற்று ஓரமாக நிற்கச் சொன்னார். மற்ற மொட்டைத் தலைகள் எல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு, நூருலின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் இருக்கையாகப் பற்றிப் பற்றி பரமேஸ்வரி அம்மா வந்தார். வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

அதிகாரி குனிந்து, இந்த இளைஞர் உங்களைத் தாக்கினாரா அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா என்னிடம் ஒரு காகிதக் கைக்குட்டை கேட்டு வாங்கினார். மடியில் காய்ந்து போயிருந்த காப்பிக் கறையை, போகாது என்று தெரிந்தும், துடைத்தார். பிறகு, குமாஸ்தா வேலை பார்த்தவருக்கே உரிய சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு தாக்குதலும் இல்லை, ஒப்பரேசனுக்குப் பிறகு என் கை நடுங்கும், காப்பியை நானே கொட்டிக்கொண்டேன், இந்தத் தம்பி இருக்கையைப் பிடித்து எனக்கு உதவத்தான் பார்த்தார், எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். அதிகாரிகள் நல்லபடியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

தினேஷ் அம்மாவின் காலைத் தொட வேண்டும் என்று குனியப் பார்த்தான், முதுகு விடவில்லை, பாதியிலேயே நின்றான். அம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம் ராசா, குனியாதை. கெதியா வீட்டை போ. போய்க் குப்புறப் படு."

அவன் கையைக் கூப்பினான், பையை முதுகில் மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு போனான். அம்மா என் பக்கம் திரும்பி, நீர் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். அப்ப சரி என்று தலையாட்டிவிட்டு, மகன் வெளியில் காத்திருப்பான் என்று நாற்காலியைத் தள்ளச் சொன்னார். அவன் கடைசிவரை வலி என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் மூன்று பேரில் போலீஸிடம் பொய் சொன்னது அவர் ஒருவர்தான், அதற்காக அந்தப் பெண்மணியை நான் இன்றுவரை கும்பிடுகிறேன்.

விமானம் காலியானது. துப்புரவு ஆட்கள் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. கிடைத்த இருக்கையில் போய் விழுந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது முதலில் என்று சொல்ல முடியாது. நூருல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன அக்கா என்று கேட்டாள். நல்ல வேளை நீ கேட்டாய் என்றேன். எதை என்று அவளுக்குப் புரியவில்லை. வருடக்கணக்காக விமானத்திலேயே கிடந்தும், அந்த இருக்கைகளில் ஒன்றைக்கூட நான் வேலை நேரத்தில் சாய்த்ததில்லை. பின்னால் யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தி, முழுவதுமாகச் சாய்ந்துகொண்டேன்.